ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுக்குப் போனவர்: தட்டோன் பக்கத்தில் நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

பர்மாவில் தட்டோனுக்கும் மோல்மேனுக்கும் நடுவில் பெரிய ரோட்டிலிருந்து இடது பக்கம் பிரியும் ஒரு தோட்டப் பாதை. மார்கழி மாசம், ராத்திரி 1:40 மணி இருக்கும். 34 வயது ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதைக்குள் திரும்பி, வாயிலேயே நின்றிருந்த தோலாஜி என்கிற லோடு வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில்களில் மோதினார். இடது காறை எலும்பு முறிந்தது, இடது கண்ணுக்கு இரண்டு விரல் கீழே கன்னம் ஆழமாகக் கிழிந்தது. கண் தப்பியது. விழுந்தபோது நெற்றியில் ஒரு கறுப்புத் துணிப் பட்டை இருந்திருக்கிறது. முன்னாடியே அடிபட்டிருந்த கண்ணுக்குக் கட்டு போட்டிருந்தார் என்று தூக்கியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. இருட்டில் நன்றாகத் தெரிவதற்காக அவரே தைத்துக் கட்டிக்கொண்டது அது.

நான் மோல்மேனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எலும்பு கூடி வந்த பிறகு அவர் என்னிடம் கண் பார்க்க வந்தார், அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. அப்புறம் விழுந்த இடத்தையும், அவர் வெட்டுகிற மரங்களையும் போய்ப் பார்த்தேன். அவரைத் தூக்கிய இரண்டு பேரிடமும் பேசினேன். பேர் போடாமல் எழுதுங்கள் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் துணிப் பட்டை அவர் ஒருவரோடு நிற்கவில்லை, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சிலரும் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது

பால் வெட்டு ராத்திரி வேலை. வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் அழுத்தம் நன்றாக இருக்கும், பால் நிறைய நேரம் வடியும், அதனால் நடு ராத்திரி தாண்டியதும் கிளம்பிவிடுவார்கள். இவருடைய அப்பா காலத்தில் தலையில் கார்பைடு விளக்கு, மஞ்சள் வெளிச்சம், மரத்தைச் சுற்றி ஒரு முழம் தெரிந்தால் பெரிது. இப்போது எல்லாருக்கும் சார்ஜ் போடுகிற சீன எல்.இ.டி. தலை விளக்கு. வெட்டுகிற இடம் பளீரென்று தெரியும், தலையை அந்தப் பக்கம் திருப்பினால் சுற்றிலும் கருங்கல் சுவர் வைத்த மாதிரி இருக்கும். வெளிச்சம் கூடக் கூட அதற்கு வெளியே இருக்கிற இருட்டும் கூடுகிறது, இந்தத் தொந்தரவு உண்மையானதுதான், அவர் கற்பனை பண்ணிக்கொண்டது இல்லை. ஊரில் கரண்ட் பாதி நாள் இல்லாததால் ரோட்டிலும் விளக்கு கிடையாது. எதிரே வருகிற பஸ்ஸும் லாரியும்தான் அங்கே வெளிச்சம், அதுவும் நேராகக் கண்ணுக்குள்.

ஐப்பசி நடுவில் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். கடற்கொள்ளைக்காரர்கள் ஒரு கண்ணைக் கட்டியது கப்பலின் இருட்டான கீழ்த்தட்டுக்குள் இறங்கும்போது அந்தக் கண்ணைத் திறந்து உடனே பார்க்கத்தான் என்கிற கதை. அவர்கள் அதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது, ஆனால் கண்ணைப் பற்றி அதில் சொன்ன விஷயம் சரி. இரண்டு கண்ணின் விழித்திரையும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகும். ஒன்றை மூடி வைத்தால் மற்றது எவ்வளவு வெளிச்சம் பார்த்தாலும் மூடியது தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டே இருக்கும்.

அவர் செய்தது இதுதான். கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே வீட்டில் இடது கண்ணைக் கட்டிவிடுவார். ரோட்டில் ஒற்றைக் கண்ணோடு ஓட்டுவார். தோட்டப் பாதைக்குள் திரும்பும்போது இடது கையால் பட்டையை நெற்றிக்குத் தள்ளிவிடுவார். தோட்டத்தில் விளக்கைப் போட்டு வெட்டும்போது மறுபடி கட்டிக்கொள்வார், புதர்ப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பட்டையைத் தூக்கிப் பார்ப்பார். “தொறந்த ஒடனே நெலா வெளிச்சம் மாதிரி தெரியும்ணே, அது பொய் இல்ல” என்றார். பொய் இல்லைதான்.

ஏன் இடது கண் என்று கேட்டேன். பர்மாவில் வண்டி வலது பக்கம் போகிறது, 1970 டிசம்பரில் மாற்றினார்கள், அதனால் எதிர் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும், அந்தப் பக்கத்துக் கண்ணைக் காப்பாற்றினேன் என்றார். யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் 100 மீட்டருக்கு அப்பால் இருக்கிற பஸ் விளக்கு நேர் எதிரிலிருந்து சில டிகிரிதான் இடது பக்கம் தள்ளி இருக்கும், மூக்கு அதை மறைக்காது. திறந்திருக்கிற வலது கண்ணுக்குள்ளும் அது முழுசாக விழும்.

அந்த ராத்திரி

பாதை வாய்க்கு ஒரு அரைக் கிலோமீட்டர் முன்னால் எதிரே ஒரு தூரப் பயண பஸ், அதை முந்திக்கொண்டு ஒரு லாரி. இங்கே ஓடுகிற பழைய ஜப்பான் வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். வலது பக்க ரோட்டில் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவர் முன் வண்டியைத் தாண்டிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியையே நடு ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், எதிரே வருகிறவருக்கு நான்கு விளக்கு திடீரென்று முகத்தில் அடிக்கும். அதுதான் நடந்தது. இவர் ஓரமாக ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, இரண்டும் போனதும் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். திரும்பும்போது 25 கிலோமீட்டர் வேகம் என்பது அவர் சொன்னது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 7 மீட்டர் போகும்.

தோலாஜி என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், முன்னால் சின்ன டீசல் என்ஜின், பின்னால் வண்டிப் பெட்டி, பின் விளக்கு அநேகமாக எதிலும் இருக்காது. இந்த வண்டி பெல்ட் அறுந்து பாதை வாயில் நின்றுவிட்டது. மூங்கில் லோடு, பெட்டிக்கு வெளியே ஆள் உயரத்தில் இரண்டரை மூன்று மீட்டருக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை. ஓட்டுநர் முன் பக்கம் குனிந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வண்டி நிற்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. இது முக்கியம். பார்க்காமல் போய் மோதவில்லை. “பொட்டி தூரமா நின்னுச்சுண்ணே, நிக்க எடம் இருக்குன்னு நெனச்சேன்.” பெட்டிக்கு முன்னால் நிற்க இடம் இருந்ததும் உண்மை. மூங்கில் நுனிதான் அவர் கணக்கில் இல்லை.

கண்ணுக்குள் அந்த ஒரு நொடி

விழித்திரையில் இரண்டு வகை உயிரணு. கூம்பு வகை பகலுக்கும் நிறத்துக்கும், கோல் வகை இருட்டுக்கு. கோல் அணுக்கள் ரோடாப்சின் என்கிற ஒரு பொருளை வைத்து வேலை செய்கின்றன, வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும், திரும்ப ஊறி வர நேரம் வேண்டும். கூம்புகள் 5 முதல் 10 நிமிஷத்தில் தங்களால் முடிந்த அளவு பழகிவிடும், கோல்கள் முழுசாகத் தேற அரை மணி, முக்கால் மணி ஆகும். அரை மணி கட்டி வைத்த இடது கண் நல்லபடியாகவே தயாராக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பஸ்ஸும் லாரியும் எதிரே வந்த நேரத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது எந்தக் கண்? வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்த அந்த ஒரே கண். இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பயமாகப் படுவது இதுதான். வெளிச்சத்தில் கண்கூச்சம் அடிக்கிற நேரம்தான் ரோட்டில் மிக ஆபத்தான நேரம், சரியாக அந்த நேரத்தில் ஆள் வேண்டுமென்றே ஒற்றைக் கண்ணனாக இருக்கிறார், அந்த ஒற்றைக் கண்ணும் குருடாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணால் பார்க்கும்போது மங்கலான பொருள் ஒரு கண்ணில் தெரிவதைவிடச் சுமார் 1.4 மடங்கு நன்றாகத் தெரியும் என்பது பழைய கணக்கு. அதையும் கூச்சம் வருவதற்கு முன்னாலேயே விட்டுக்கொடுத்தாயிற்று.

அடுத்து பார்வைப் பரப்பு. ஒரு கண் வெளிப் பக்கம் 100 டிகிரி வரைக்கும் மூக்குப் பக்கம் 60 டிகிரி வரைக்கும் பார்க்கும். இடது கண்ணை மூடினால் இடது ஓரத்தில் 40 டிகிரி அளவுக்கு ஒரு பிறை போய்விடும், இவர் திரும்பப் போவதோ இடது பக்கம். தலையைத் திருப்பினால் சரிக்கட்டலாம், பிறவியிலிருந்தோ நாள்பட்டோ ஒற்றைக் கண்ணோடு வாழ்கிறவர்கள் அப்படித் தலையை ஆட்டிப் பார்க்கப் பழகியிருப்பார்கள், நன்றாக ஓட்டவும் செய்வார்கள். ராத்திரிக்கு ராத்திரி மட்டும் கட்டிக்கொள்கிறவருக்கு அந்தப் பழக்கம் வராது. இன்னொன்று குருட்டுப் புள்ளி. ஒவ்வொரு கண்ணிலும் நேர்ப் பார்வையிலிருந்து 15 டிகிரி வெளிப் பக்கம், ஐந்தரை டிகிரி அகலத்துக்கு எதுவுமே தெரியாத ஒரு இடம் இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும். வலது கண் மட்டும் என்றால் 10 மீட்டர் தூரத்தில் வலது பக்கம் இரண்டே முக்கால் மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓட்டை, அதில் ஒரு சைக்கிள்காரரின் பெரும்பகுதி அடங்கிவிடும். கண் அசைந்துகொண்டே இருப்பதால் அது கணப்பொழுதுதான் நிற்கும், இந்த விபத்தில் அதற்குப் பங்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் ரோட்டின் வலது ஓரத்தில் நடந்து போகிறவர்களை நினைத்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பட்டையைத் தள்ளினார். அப்போது மூன்று விஷயம் ஒன்றாக நடக்கிறது. வலது கண் பஸ் விளக்கில் அடிபட்டு இன்னும் தேறவில்லை. இடது கண் முழு இருட்டுக்குப் பழகியது, திறந்த உடனே இவருடைய சொந்த ஹெட்லைட் வெளிச்சம் மூங்கிலிலும் பாதையிலும் பட்டுத் திரும்பி அதன் மேல் விழுகிறது, அதுவும் கூசும். இடது கை நெற்றியில் இருக்கிறது. கிளட்ச் லீவர் இல்லாத வண்டி என்பதால் கையை எடுப்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை, ஆனால் ஒற்றைக் கையில் திடீரென்று பிரேக் பிடித்தால் ஹேண்டில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

இப்படி ஒரு கண் பிரகாசமாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருக்கும்போது ஆழம் தெரிவது கெட்டுவிடும். பக்கவாட்டில் நீளமாகக் கிடக்கிற மூங்கில் என்றால் அதன் அளவை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். நேராக நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற மூங்கில் வெறும் வட்டப் புள்ளிகளாகத்தான் தெரியும். அந்தப் புள்ளி பெட்டியோடு ஒட்டி இருக்கிறதா, மூன்று மீட்டர் முன்னால் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் சொல்லக்கூடியது இரண்டு கண்ணும் சேர்ந்து தருகிற ஆழ உணர்வுதான். அது அவருக்கு அப்போது இல்லை. பெட்டிக்குக் கணக்குப் போட்டார், நுனியில் மோதினார்.

ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிக் 1922-ல் விளக்கிய ஒரு விஷயமும் உண்டு. ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் கறுப்புக் கண்ணாடி வைத்தால் அந்தக் கண்ணின் செய்தி மூளைக்குச் சில ஆயிரத்தில் ஒரு நொடி தாமதமாக வரும், நேர்க்கோட்டில் ஆடுகிற ஊசல் குண்டு முன்னும் பின்னும் வட்டம் போடுகிற மாதிரித் தோன்றும். இரண்டு கண்ணும் வேறு வேறு வெளிச்சத்துக்குப் பழகியிருந்தாலும் அந்த மாதிரிக் குழப்பத்துக்கு இடம் உண்டு. தோலாஜி நின்றுகொண்டிருந்தது, அதனால் இங்கே அதைக் காரணமாக வைக்க மாட்டேன். குறுக்கே ஓடுகிற நாய், கடக்கிற சைக்கிள் என்றால் அது எங்கே இருக்கிறது என்பதே தப்பாகப் படலாம்.

மற்றக் காரணங்களையும் மறைக்கக் கூடாது. விளக்கில்லாத வண்டி, பாதை வாயில் நின்றது, துணி கட்டாத லோடு, இவருடைய ஹெட்லைட் கண்ணாடியில் சேறு. பட்டை இல்லாமல் இருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் முழுசாக மறுக்க முடியாது. ஆனால் பட்டை கட்டியதால் அவருக்குக் கிடைத்த லாபம், பாதைக்குள் போன பிறகு சில நிமிஷம் இருட்டு கொஞ்சம் சீக்கிரம் விலகுவது. அதற்குக் கொடுத்த விலை அந்தத் திருப்பத்தில் இருந்த முழு ஆழ உணர்வு. அதோடு ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டுகிற யாருக்கும் முழு இருட்டுப் பழக்கம் வரவே வராது, தன் விளக்கே அதைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் சேர்த்து வைத்ததை முதல் சில நொடியிலேயே பெரும்பகுதி இழக்கிறார்.

மரப்பட்டையில் இருந்த சாட்சி

தோட்டத்துக்காரர் இவர் மேல் விபத்துக்கு முன்னாலிருந்தே கோபமாக இருந்திருக்கிறார். மரத்தைக் காயப்படுத்துகிறான், நல்ல வெட்டுக்காரன் இப்படி ஆகிவிட்டான் என்று. அதைக் கேட்டதும்தான் மரங்களைப் பார்க்கப் போனேன்.

பால் வெட்டு என்பது மில்லிமீட்டர் கணக்கு. ஒவ்வொரு தடவையும் மரப்பட்டையில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சீவல். இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவு. ஆழம் அதைவிட முக்கியம். பால் குழாய்கள் பட்டையின் உள் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் கட்டையை ஒட்டி இருக்கிற வளர்படலத்தைத் தொட்டுவிடக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் சுமார் விட்டுவிட வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் திரும்ப வெட்ட முடியாது. கைக்கு எட்டும் தூரத்தில் மில்லிமீட்டர் ஆழம் பார்க்கிற வேலை, அதாவது இரண்டு கண்ணும் சேர்ந்து இருந்தே ஆக வேண்டிய வேலை. ஊசியில் நூல் கோர்க்கும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நூல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாசத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் பட்டை குறையும். இந்தத் தோட்டத்தில் மாசம் முடியும்போது வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் புள்ளி வைக்கிற வழக்கம் இருக்கிறது, பட்டை எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க. அதனால் மரத்தைப் பார்த்தாலே எந்தக் காயம் எந்த மாசத்தது என்று படிக்கலாம். மழைக்கு முன்னால் வெட்டிய பகுதி வழவழப்பாக இருக்கிறது, எப்போதாவது ஒன்றிரண்டு வடு. புரட்டாசி வெட்டும் அதே மாதிரி. ஐப்பசிப் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்து மார்கழி வெட்டு நின்ற இடம் வரைக்கும் வரிசையாகக் காயம், மரத்துக்கு மரம், அதிலும் வெட்டின் ஆரம்பத்தில், கத்தியை முதலில் பட்டையில் வைக்கிற இடத்தில் அதிகம். துணிப் பட்டை எப்போது கட்ட ஆரம்பித்தார் என்று அவர் சொன்ன நாளும் இதுவும் ஒத்துப்போகிறது. தோட்டத்துக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டால் மற்ற அறிகுறியும் இருந்திருக்கிறது. கோப்பையைக் கம்பியில் மாட்டும்போது கை தவறி இரண்டு தடவை பால் கொட்டியிருக்கிறது. வேரில் கால் தட்டியிருக்கிறது. விடிகாலையில் நெற்றியின் ஒரு பக்கம் வலி. இவை எல்லாம் தூக்கம் போதாததால் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கையில் கூர்மையான வெட்டுக் கத்தி இருக்கிற வேலையில், பால் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிற வேலையில், ஆழம் தெரியாமல் இரண்டு மாசம் ஓடியிருக்கிறது. விரல் போகாதது அவர் கையின் நல்ல பழக்கத்தால்.

“ஒரு கண்ணு செத்துப்போச்சுன்னு பயந்துட்டேன்ணே”

கார்த்திகையில் ஒரு நாள் விளக்கை அணைத்துத் துணிப் பட்டையைத் தூக்கியதும் வலது கண் சுத்தமாகத் தெரியவில்லை, கை வைத்துப் பார்த்தால் திறந்துதான் இருக்கிறது. பயந்து உட்கார்ந்துவிட்டார், கால் மணியில் சரியாகிவிட்டது. இது நோய் இல்லை. வெளுத்த கண்ணும் பழகிய கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருட்டில் பார்க்கும்போது வெளுத்தது குருடு மாதிரித்தான் தோன்றும். 2016-ல் லண்டன் கண் மருத்துவர்கள் இதே மாதிரி இரண்டு பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ராத்திரி பக்கவாட்டில் படுத்து ஒரு கண் தலையணையில் மறைய, மற்றதால் போன் பார்த்தவர்கள், போனை வைத்ததும் அந்தக் கண் தெரியவில்லை என்று வந்தவர்கள். மூளை ஸ்கேன் வரைக்கும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் காரணம் பிடிபட்டது.

எனக்குக் கவலை அதற்கு நேர் எதிர்ப் பக்கம். பட்டை கட்டிப் பழகியவருக்கு ஒரு கண் தெரியாமல் போவது சாதாரண விஷயமாகிவிடும். நிஜமாகவே ஒரு கண் பார்வை திடீரென்று போவது மூளைப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம், விழித்திரை பிரிவதாக இருக்கலாம், இரண்டும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டியவை. கண்ணை மூடாமல், பளீர் வெளிச்சம் பார்க்காமல், ஒரு கண் மங்கினாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, தானாகச் சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாம்புக்காகக் கட்டினேன் என்றால்

பட்டை எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது கடைசியில் வந்த பதில் கண்ணாடி விரியன். அந்த பயம் நியாயமானது, பர்மாவில் பாம்புக் கடிச் சாவுக்குப் பெரிய காரணமே அதுதான். ஆனால் இருட்டுக்குப் பழகிய கண் பாம்பைக் காட்டாது. கோல் அணுக்கள் இருக்கு, இல்லை என்று சொல்லும், நுணுக்கம் சொல்லாது, அவற்றின் கூர்மை கண் பலகையில் மேல் வரி எழுத்தைப் படிக்கிற அளவுதான், நிறமும் தெரியாது. நேராக உற்றுப் பார்க்கிற நடுப் புள்ளியில் கோல் அணுவே கிடையாது. காய்ந்த இலை மேல் காய்ந்த இலை நிறத்தில் சுருண்டு கிடக்கிறதை அந்தக் கண் எப்படிப் பிரித்துச் சொல்லும்? விளக்கை அணைத்துப் பட்டையைத் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவர் தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை அணைத்துவிட்டுத் தன்னைக் காப்பாற்ற முடியாத ஒன்றை நம்பியிருக்கிறார். முழங்கால் வரைக்கும் பூட்ஸும் காலடியில் விழுகிற வெளிச்சமும்தான் விரியனுக்குப் பதில்.

ஒரு கண்ணை மூடுவது எங்கேயுமே உதவாதா என்றால், உதவும். தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்திருக்கிறவர் உட்கார்ந்த இடத்தில் கட்டிக்கொள்ளலாம். ராணுவத்தில் வெளிச்சக் குண்டு வானத்தில் எரியும்போது ஒரு கண்ணை மூடச் சொல்லித் தருவார்கள். அணுகுண்டு விமானம் ஓட்டிய அமெரிக்க விமானிகளுக்கு ஒரு கண் பட்டை கொடுத்திருந்தார்கள், ஒரு கண் பளிச்சில் போனாலும் மற்றதை வைத்து ஓட்ட. இவர்களில் யாரும் வேரும் பள்ளமும் இருக்கிற தரையில் நடந்துகொண்டோ, எதிரே லாரி வருகிற ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டோ இல்லை.

கடைசியாகக் கண் பரிசோதனை

இதை முதலில் செய்திருந்தால் பட்டையே வந்திருக்காது. அவருக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற குறை, இதுவரைக்கும் கண்ணாடி போட்டதே இல்லை. இடது கண்ணுக்கு மைனஸ் 0.50, வலது கண்ணுக்கு மைனஸ் 1.50. வலது கண்ணால் மட்டும் பலகையில் 6/24 வரி வரைக்கும்தான் படித்தார், அதாவது நல்ல கண் 24 மீட்டரிலிருந்து படிக்கிறதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. இரண்டு மாசம் ராத்திரி ரோட்டில் அவர் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியது இந்தக் கண்ணை. நல்ல கண்ணைக் கட்டி வைத்திருந்தார்.

பகலில் கண் மணி சுருங்கி இருப்பதால் இந்த அளவு குறையைச் சமாளித்துவிடலாம், ராத்திரி மணி விரியும்போது அதே குறை இன்னும் மங்கலாகக் காட்டும், எதிர் விளக்கு ஒவ்வொன்றும் பூ மாதிரி விரிந்து தெரியும். தனக்கு இருட்டில் மட்டும் கண் தெரியவில்லை என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இதுதான், கோல் அணுக்களில் கோளாறு ஒன்றும் இல்லை. மாலைக்கண் இருக்குமோ என்று விசாரித்ததில், சாப்பாட்டில் வைட்டமின் ஏ குறைகிற மாதிரியும் தெரியவில்லை, அந்தி நேரத்தில் தடுமாறுகிற பழக்கமும் இல்லை. ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் நிறைய, அதையும் மாற்றச் சொன்னேன், கீறல் ஒவ்வொன்றும் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி இருக்கிறது. தலை விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, மேலே மஞ்சள் காகிதம் ஒட்டி, வெட்டுகிற இடத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறார். நடக்கும்போது இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன டார்ச், கண் உயரத்திலிருந்து அடித்தால் நிழல் மறைந்துவிடும், இடுப்பிலிருந்து அடித்தால் வேரும் குழியும் நிழல் போட்டுக் காட்டும். சிவப்பு விளக்கு வைக்கலாமா என்று கேட்டார், கோல் அணுவுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால் இருட்டுப் பழக்கம் கெடாது, உண்மைதான். ஆனால் சிவப்பில் பாம்பின் நிறமும் இலையின் நிறமும் ஒன்றாகிவிடும், அதனால் மங்கலான மஞ்சள் போதும் என்றேன். ரோட்டில் எதிர் வெளிச்சம் வந்தால் விளக்கைப் பார்க்காமல் வலது ஓரக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, போன பிறகும் சில நொடி அப்படியே போவது. தோட்டத்துக்குள் போனதும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்கிறார். கண் அதற்குள் நடக்கிற அளவுக்குப் பழகிவிடும்.

தோலாஜிக்காரரும் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தார், பெட்டியின் பின்னால் ஒளி திருப்புகிற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதாகச் சொன்னார். நீட்டிக்கொண்டிருக்கிற மூங்கில் நுனிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். பெட்டியில் ஒட்டியது நுனியைக் காட்டாது, நுனியிலேயே வெள்ளைத் துணியோ ஸ்டிக்கரோ கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தோட்டங்களில் இன்னும் பட்டை கட்டுகிறவர்கள் இருந்தால், கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கண் பார்த்துக்கொள்ளுங்கள், எந்தக் கடையாக இருந்தாலும் சரி. இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். தலை விளக்கையும் ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பாதி நேரம் குறை அதில்தான் இருக்கிறது.